குருவிப் படம் போட்ட டப்பா

“சீக்கிரம் பொறுக்குங்க, மூணேகால் ஆயிடுச்சு. நாலு மணிக்கு மனுஷன் வந்து நிப்பாரு.”

“பொறுக்கிட்டுத்தான் இருக்கேன். எனக்கு என்ன பத்துக் கையா இருக்கு?”

சூப்பர் மார்க்கெட்டின் பழப் பகுதியில், குளிர்ப்பெட்டிக்கு முன்னால் நின்று கணவனும் மனைவியும் தாழ்ந்த குரலில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பெட்டிக்குள் புளூபெர்ரி டப்பாக்கள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. அவன் ஒவ்வொன்றாக எடுத்து, விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தான். தலைகீழாகக் கவிழ்த்து அடிப்பக்கத்தையும் பார்த்தான். சிலவற்றைத் தள்ளுவண்டியில் வைத்தான், மற்றவற்றைத் திரும்ப அடுக்கினான். அந்தக் குளிரிலும் அவன் நெற்றி வியர்த்திருந்தது.

“அவர் ஒண்ணே ஒண்ணை வாயில போட்டு முகம் சுளிச்சாப் போதும்,” என்றாள் மனைவி. “அடுத்த வருஷம் நம்ம பொழப்பு அம்போ.”

“தெரியுது. அதையே எத்தனை தடவை சொல்லுவே?”

“மணியைப் பாருங்க, பேசிட்டு நிக்காதீங்க.”

“பளபளன்னு இருந்தாத்தான் பார்க்கிறவங்களுக்குப் பிடிக்கும்னு சொன்னது யாரு? உன் அருமைத் தம்பி. அவன் பேச்சைக் கேட்டதுக்கு நமக்கு இதுவும் வேணும், இன்னமும் வேணும்.”

“இப்ப அவனை எதுக்கு இழுக்கறீங்க? இந்தாங்க, இது நல்லா மின்னுது. வண்டியில வையுங்க.”

பக்கத்தில் ஆப்பிள் எடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் இவர்களையே கவனித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் தொங்கிய மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அருகில் வந்தார்.

“தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. யாரோ பெரிய மனுஷர் வர்றார் போல?”

“ஆமாங்க, பெரிய மனுஷர்தான்,” என்றான் கணவன், திரும்பாமலே.

“அப்புறம் ஏன் இதைப் போய் எடுக்கறீங்க?” அம்மாள் அடுக்கிலிருந்து வேறொரு டப்பாவை எடுத்து அவன் மூக்குக்கு நேரே நீட்டினார். “மாவு தூவின மாதிரி வெள்ளையா இருக்கு பாருங்க. இது தூசியும் இல்லை, மருந்தும் இல்லை. பழத்தோட சொந்தப் பூச்சு. இது இருந்தாத்தான் புதுப் பழம். உங்க வண்டியில இருக்கிறதெல்லாம் மொட்டையா மின்னுது. எந்தப் புண்ணியவானோ கழுவித் துடைச்சு அடைச்சிருக்கான். ஈரம் பட்ட பழம் எத்தனை நாள் தாங்கும்?”

கணவனுக்கு இருமல் வந்தது.

“இத்தனைக்கும் எல்லாம் ஒரே தோட்டத்துச் சரக்கு. எல்லா டப்பாவுலயும் இதே குருவிப் படம். விலையும் ஒண்ணுதான். அதே விலைக்கு நல்லது கிடைக்கும்போது ஈரம் பட்டதை யாராவது வாங்குவாங்களா?”

“ரொம்ப நன்றிக்கா,” என்றாள் மனைவி. சொல்லிக்கொண்டே மின்னுகிற டப்பா இன்னொன்றை எடுத்து வண்டியில் வைத்தாள்.

அம்மாளுக்குச் சுருக்கென்றது. “நான் சொன்னது காதுல விழுந்துதா இல்லையா?”

“விழுந்துதுக்கா. எங்களுக்கு மின்னறதுதான் வேணும்.”

“கண்ணைத் திறந்துக்கிட்டே கிணத்துல விழுவேன்னா நான் என்ன பண்ண முடியும்!”

“கொஞ்சம் வழி விடுங்கக்கா. அடியில, கடைசி வரிசையில இன்னும் ரெண்டு தெரியுது.”

கணவனும் மனைவியும் தலையைக் குளிர்ப்பெட்டிக்குள் நுழைத்துக் குனிந்தார்கள். அம்மாள் தலையில் அடித்துக்கொண்டு, அவர்களுடைய தள்ளுவண்டியைப் பரிதாபமாகப் பார்த்தபடி நின்றார்.

பில் போடுகிற பெண் முதல் டப்பாவைத் தூக்கியதுமே கையைத் துடைத்துக்கொண்டாள். “என்ன சார், அடியில ஒழுகுது! மாத்திட்டு வாங்க, நான் நிக்கிறேன்.”

“வேண்டாம் வேண்டாம், இதுவே போதும்.”

“ஜாம் பண்ணப் போறீங்களா?”

“ஏதோ ஒண்ணு பண்றோம். நீ சீக்கிரம் பில்லைப் போடும்மா,” என்றாள் மனைவி, கடிகாரத்தைப் பார்த்தபடி.

பைகளைத் தூக்கிக்கொண்டு இருவரும் வண்டிகள் நிறுத்துமிடத்துக்கு ஓடினார்கள். அங்கே மனைவியின் தம்பி, வேனின் பின்கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தான். கதவில் அதே குருவிப் படம், ஓர் ஆள் உயரத்துக்கு வரையப்பட்டிருந்தது.

“நான் கழுவின டப்பா எல்லாம் வந்துடுச்சா மாமா?”

“ஒண்ணு விடாமப் பொறுக்கியாச்சு. இனிமே நம்ம தோட்டத்துப் பழத்தைத் தண்ணியில முக்கினேன்னு வை, உன்னையும் சேர்த்து முக்கிடுவேன்.”

தம்பி டப்பாக்களை உள்ளே அடுக்கினான். ஒன்றைக் கையில் எடுத்தவன் நின்றுவிட்டான்.

“மாமா, இதுல வெள்ளைப் பூச்சு அப்படியே இருக்கே. இது நான் கழுவினது இல்லை.”

மூவரும் அந்த டப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, மூக்குக்கண்ணாடி அம்மாள் தம் பையுடன் அந்தப் பக்கமாக வந்தார்.

“மனசு கேக்கலைம்மா. நீங்க குனிஞ்சிருந்தப்ப ஒண்ணையாவது மாத்தி வச்சேன். வர்ற பெரிய மனுஷருக்கு அதைக் குடுங்க.”

“எங்க டப்பா எங்கக்கா?” என்றாள் மனைவி.

“எடுத்து அடுக்குலயே வச்சுட்டேன். மேல, முன்னாடி.”

கணவன் கடைக்குள் ஓடினான். யாருடைய பழம் இந்தக் கடைக்குள் வரலாம் என்று தீர்மானிக்கிற அதிகாரி அன்று பத்து நிமிடம் முன்னதாகவே வந்திருந்தார். மேல் அடுக்கில் முன்னால் இருந்த டப்பாவைத் திறந்து, ஒரு பழத்தை எடுத்து வாயில் போட்டார்.

அடுத்த ஆண்டு அதே குளிர்ப்பெட்டியில் கிளிப் படம் போட்ட டப்பாக்கள் இருந்தன.