மூன்று முறை வந்த சொல்

"கடைசிப் பத்தியில மட்டும் 'கேக்குதா' ஏன் வரலீங்க?" என்றார் திருமூர்த்தி சார்.

இந்தக் கேள்வி வர வேண்டும் என்றுதான் நதியா அந்தக் கவிதையை வகுப்புக்குக் கொண்டு வந்திருந்தாள். அதை எழுதியவன் நம்பிக்கையை விட்டுவிட்டானா, இல்லையா. அவளுக்கு அது ஒன்று தெரிந்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமைத் தபால் வழிக் கல்வி வகுப்பு. பனியன் கம்பெனிகளுக்கு லீவு. தமிழ் இலக்கியம் படிக்க வந்தவர்களில் பாதிப் பேரின் தலையில் இன்னும் பஞ்சு ஒட்டியிருந்தது.

போர்டில் முதல் பத்தி இருந்தது.

பஞ்சு பறக்குது மூக்குக்குள்ள
பஞ்சம் பொழைக்கிற ஊருக்குள்ள
கேக்குதா?

எதுகை இருக்கிறது, இயைபு இருக்கிறது, அடிக்கு மூன்று சீர் என்று அவள் பிரித்துக் காட்டியிருந்தாள். அடுத்த இரண்டு பத்திகளும் இதே ஓட்டம்தான். இரண்டும் 'கேக்குதா' என்றே முடிந்தன.

கடைசியில்தான் ஓட்டம் நின்றது.

ரெண்டு ஜன்னல் வெச்ச வீடு
ஒண்ணுல நான்
ஒண்ணுல நீ

எழுதியது முனீஸ், நிட்டிங் மிஷின் ஓட்டுபவர் என்று மட்டும் சொன்னாள்.

"'நீ'ன்னதும் வெக்கம் வந்து ஓடியிருப்பாப்ல சார்" என்றான் தங்கராஜ். வகுப்பே சிரித்தது.

"இல்ல சார், அந்தப் புள்ள கேக்கலன்னு முடிவு பண்ணிட்டாரு" என்றாள் ரோஸ்மேரி.

நதியா போர்டின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கடைசி பெஞ்சில் ஓவர்லாக் தைக்கிற சின்னாத்தாள் எழுந்தார். "பதிலுக்கு நின்னிருப்பாருங்க சார். மூணு தடவ அவரே கேட்டாச்சு. இனி அந்தப் புள்ளதானுங்க சொல்லோணும்?"

சாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. மறுமொழியை எழுதாமல் விட்டதுதான் இந்தக் கவிதையின் அழகு என்றார். கவிஞரையே கேட்டுவிட்டு வரச் சொன்னார்.

நதியா தலையாட்டினாள்.

கவிதையில் 'கேக்குதா' கிடையவே கிடையாது. மிஷின் இரைச்சலுக்கு நடுவே நின்றுகொண்டு போனில் கவிதை சொன்னவன், பத்திக்குப் பத்தி நிறுத்தி அவளிடம் கேட்டது அது. போர்டில் அதையும் கவிதையோடு சேர்த்து எழுதியது அவள்தான்.

மூன்று தடவையும் "கேக்குது" என்று சொன்னாள். 'நீ' என்றதும், ஹாஸ்டல் பெண்கள் காதில் விழாமல், "சரி" என்றும் சொன்னாள்.

மறுநாளே அவன் கணக்கை முடித்துக்கொண்டு ஊரை விட்டுப் போய்விட்டான். அன்றிலிருந்து அவன் போன் அணைந்து கிடக்கிறது. ஏனென்று புரியாமல், தன் போனில் தானாகப் பதிவாகியிருந்த அந்தப் பேச்சைப் போட்டுக் கேட்டபோதுதான் தெரிந்தது: கன்னம் திரையில் பட்டு, ஆரம்பத்திலேயே அவள் பக்கம் மியூட் ஆகியிருந்தது; அவள் குரல் அவனுக்குப் போகவே இல்லை.

பதிவில் அவன் குரல் இருந்தது. 'நீ'க்குப் பிறகு வெகுநேரம் மிஷின் இரைச்சல் மட்டும் ஓடியது. அவன் போனை வைக்கவில்லை.

அவள் சொன்ன "சரி" அதில் இல்லை.