கேரவனுக்குப் பின்னால் ஒரு கார்

“இந்தக் காரைப் பின்னால கட்டி இழுத்துக்கிட்டு ஒமான் எல்லையைத் தாண்டலாமா, கூடாதா? அதை மட்டும் விசாரிச்சுச் சொல்லு மச்சான். நீ சொன்னா எனக்கு அதுதான் சட்டம்” என்றார் கலீலுர் ரஹ்மான்.

வளைகுடா நகரத்தின் கராமா பகுதியில், அரசு அலுவலகங்களுக்கான விண்ணப்பங்களை அரபியில் தட்டச்சு செய்து கொடுக்கும் சிறிய கடை உஸைருடையது. விசாவோ, வாடகையோ, வாகனமோ, எதற்கு எந்தத் தாள் வேண்டும் என்பதை அவரைக் கேட்டுத்தான் அந்தத் தெருவே நடந்துகொண்டது.

கடை வாசலை அடைத்தபடி கலீலின் கேரவன் நின்றது. தாயகம் திரும்பிய ஓர் ஆங்கிலேயரிடம் வாங்கியதாம். உள்ளே படுக்கை, அடுப்பு, குளியலறை. பின்புறம் ஓர் இரும்புத் தண்டால் பிணைக்கப்பட்டு, நீல நிறத்தில் ஒரு சிறிய கார். பெருநாள் விடுமுறைக்குக் கலீலும் அவர் மனைவியும் அதில் ஒமானிலுள்ள சோஹாருக்குப் புறப்படுகிறார்கள்.

கீழக்கரையிலிருந்து உஸைரும் கலீலும் ஒரே விமானத்தில் வந்தவர்கள். ஒரே அறையில், ஒரே அடுக்குக் கட்டிலில், மேல்தட்டில் கலீலும் கீழ்த்தட்டில் உஸைரும் படுத்தவர்கள். இருபது ஆண்டுகளில் கலீலுக்கு மூன்று துணிக்கடைகள் வந்திருந்தன. உஸைருக்குத் தட்டச்சுப் பொறி போய்க் கணினி வந்திருந்தது.

“வீடே ஓடுது. அதுக்கு வால் மாதிரி ஒரு காரு எதுக்கு?” என்றார் உஸைர்.

“அது கட்டாயம் போய்ச் சேரணும் மச்சான். ஓட்டிக்கிட்டு வர ஆளு இல்ல. அதான் இழுக்குறேன்.”

நாளை சொல்வதாகக் கூறி அனுப்பினார் உஸைர். கேரவனைக்கூட அவரால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. அந்தச் சிறிய காரைத்தான் பொறுக்க முடியவில்லை. சோஹாரில் வாழும் தம் மகள் சப்ரீனாவுக்கு ஒரு கார் வாங்கித் தருவதாகத் திருமணத்தன்று சபையில் சொல்லி நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன. அவளோ இன்னும் கைக்குழந்தையுடன் டாக்ஸிக்குக் காத்து நிற்கிறாள். இங்கே ஒருவன் காரை மூட்டை முடிச்சைப் போல இழுத்துக்கொண்டு போகிறான்!

கடைக்கு மேல்தளத்தில்தான் வீடு. மதிய உணவுக்கு அவர் போனபோது மனைவி அஸ்மத் பீவியும் அந்தப் பேச்சையே எடுத்தாள்.

“கலீல் காக்கா காரைப் பார்த்தீங்களா? பின்சீட்டுல புள்ளையப் படுக்கவைக்கலாம் போல.”

“அவன் புள்ளைங்களுக்கு மீசை முளைச்சாச்சு. எந்தப் புள்ளைய?”

அவள் மீன் குழம்பை ஊற்றினாள். காலையில் அவள் கீழே போய், தன் துப்பட்டாவின் முனையால் அந்தக் காரின் கண்ணாடியைத் துடைத்ததை அவர் கடையிலிருந்து பார்த்திருந்தார். அவர் வாங்கித் தந்த எந்தப் பொருளையும் அவள் அப்படித் துடைத்ததில்லை.

மாலையில் சோஹாருக்குத் தொலைபேசினார். அங்கே சரக்கு அனுமதி அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துக் கந்தையா, எல்லை விதிகளை விரல்நுனியில் வைத்திருப்பவர். காருக்கு ஒமானில் செல்லும் காப்பீடு உண்டா என்று அவர் கேட்டார். உண்டு என்றார் உஸைர்.

“அப்ப ஒரு பிரச்சினையும் இல்லை. காரின்ரை பின் லைற்று எரிஞ்சால் போதும். அரபியிலை ஒரு அனுமதிக் கடிதம் வேணும். அது உங்கடை வேலைதானே, அஞ்சு நிமிசம்.”

அதை ஒரு தாளில் குறித்துக்கொண்ட உஸைர், தாளை நான்காக மடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார்.

தெரிந்ததை மாற்றிச் சொல்ல வேண்டிய நிலை அதுவரை அவருக்கு நேர்ந்ததே இல்லை. மறுநாள் அது மிக எளிதாக நேர்ந்தது. இழுத்துச் செல்லக் கூடாது என்றார். கடிதம் ஏதாவது கொடுத்தால் விடுவார்களா என்று கலீல் கேட்டார்.

“மாஃபி மச்சான், முடியவே முடியாது. மீறிப் போனா காரைப் பறிமுதல் பண்ணிடுவான். நல்லதுக்குச் சொல்றேன்.”

கலீலின் முகம் வாடியதைக் கண் நிறையப் பார்த்தார் உஸைர். கலீல் தாமே குனிந்து இரும்புத் தண்டைக் கழற்றினார். காரைக் கட்டட நிழலில் நிறுத்திச் சாவியை அஸ்மத் பீவியிடம் கொடுத்துவிட்டுப் போனார். கேரவன் தனியாகத் தெருமுனையில் திரும்பியது. அஸ்மத் பீவி அன்று சாப்பிடாமல் அழுதுகொண்டிருந்தாள்.

“அவன் காருக்கு நீ ஏன் அழுவுற?” என்று கேட்டார் உஸைர்.

“சட்டம்னு நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த மூன்று நாள்களும், சன்னல் வழியே அந்தக் கார் புழுதி படிவதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு மனம் குளிர்ந்தது.

பெருநாள் காலையில் தொழுதுவிட்டு வந்து அவர் அமர்ந்ததும் தொலைபேசி ஒலித்தது. சப்ரீனா பேசினாள்.

“வாப்பா, கலீல் மாமா வந்து எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. எனக்குன்னு நீங்க வாங்கி அனுப்புன காரை எல்லையில விடமாட்டாங்களாமே. பரவாயில்ல வாப்பா. நீங்க சபையில சொன்னதை மறக்கலைன்னு மாமியாட்ட சொன்னேன். அது போதும் எனக்கு.”

உஸைர் மெல்லத் திரும்பினார். அஸ்மத் பீவி தேநீர்க் கோப்பையை நீட்டியபடி நின்றிருந்தாள். திருமண நாளிலிருந்து அவள் கழற்றாத தங்கக் காப்புகள் அந்தக் கைகளில் இல்லை.