மூன்றாவது தாழி

குழியைச் சுற்றி நின்றவர்கள் நான்கு பேர். எஸ்.ஐ. ஷாஜி, தொல்லியல் ஆய்வாளர் அனுப்பிரியா, தோப்புக்காரர் சிவப்பிரகாஷ், மண் வெட்டும் சாந்தம்மாள். ஐந்தாவது ஆள் குழிக்குள் படுத்திருந்தார், வெறும் எலும்பாக.

பெருமாட்டி கிராமத்தில் அந்தத் தென்னந்தோப்பில் பைப் பதிக்கத் தோண்டியபோதுதான் முதுமக்கள் தாழிகள் தெரிந்தன. முதல் இரண்டிலும் இருந்தவை ஆயிரக்கணக்கான வருடத்து எலும்புகள். மூன்றாவது தாழிக்குப் பக்கத்தில் கிடந்தவர் அவ்வளவு பழைய ஆள் இல்லை. இடது கையில் ஸ்டீல் பிளேட் இருந்தது. பின்மண்டை உடைந்திருந்தது.

பிளேட் யாருடையது என்று ஊருக்கே தெரியும். மரத்திலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்ட ஆறுச்சாமி, சாந்தம்மாளின் புருஷன். பதினோரு வருடத்துக்கு முன் கஞ்சிக்கோட்டுக் கம்பெனிக்கு வேலை தேடிப் போனவர் திரும்பவில்லை என்று பேச்சு.

சாந்தம்மாள் அழவில்லை. அனுப்பிரியா அவரை மரத்தடியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். முதல் இரண்டு குழிகளிலும் எத்தனை சொல்லியும் செருப்போடு இறங்கிய சாந்தம்மாள், இந்தக் குழியில் மட்டும் முதல் நாளிலிருந்தே வெறுங்காலோடு இறங்கினார். ஒரு வழியாக வேலை படிந்துவிட்டது என்று அனுப்பிரியா நினைத்திருந்தார்.

ஷாஜி தோப்புக்காரரை விசாரித்தார். தண்ணீர்த் தகராறில் ஆறுச்சாமியைச் சந்தையில் வைத்து அறைந்தது உண்டா? உண்டு. அந்த வருடம் இங்கே கன்று வைக்கக் குழி எடுத்தது? உண்டு, ஆள் விட்டு நாற்பது குழி. இந்த இடத்தைத் தோண்டக் கூடாது என்று சண்டை போட்டது? அதுவும் உண்டு, காய்க்கிற மரத்தின் வேர் போய்விடும்.

"கொல்றளவுக்கு என்னங்க சார் கோவம்? அன்னிக்குச் சாயங்காலமே ரெண்டு பேரும் ஒண்ணா டீ குடிச்சோம்."

"சாட்சி இருக்கா?"

"அந்தா, குழிக்குள்ள கெடக்கறான்."

ஷாஜிக்குச் சிரிக்கத் தெம்பில்லை. ஜீப் வர ஒரு மணி நேரமாகும் என்றார்கள். சிவப்பிரகாஷை மோட்டார் ரூமுக்குள் விட்டுக் கதவைப் பூட்டிவிட்டு, ஒரு கல்லில் உட்கார்ந்து, கண்டதைக் கண்டபடி மகஸர் அறிக்கை எழுதத் தொடங்கினார்.

அனுப்பிரியா கால் பக்கம் பிரஷால் மண்ணைத் தள்ளினார். பாத எலும்புகளுக்கு நடுவே நைலக்ஸ் சேலைக் கிழிசல் ஒன்று, முடிச்சுப் போட்டபடி வந்தது. மண் இறங்கி எலும்பெல்லாம் கலைந்துவிட்டது, எந்த இடத்தில் கட்டியிருந்தது என்று சொல்ல முடியாது என்றார்.

ஷாஜிக்கு அது போதும். எழுதி முடித்து வாசித்தார். இறந்தவரின் கால்களைக் கட்டிப் போட்டு, அசைய முடியாத நிலையில் தலையில் அடித்துக் கொன்றதாகத் தெரிகிறது. சாட்சிக் கையெழுத்துக்குப் பேனாவைச் சாந்தம்மாளிடம் நீட்டினார்.

சாந்தம்மாள் வாங்கவில்லை. எழுந்து போய் மோட்டார் ரூம் முன்னால் நின்று, கதவைத் திறக்கச் சொன்னார். பதினோரு வருடமாகப் பொண்டாட்டியா விதவையா என்று தெரியாமல் இருந்தவர், கொன்றவனை நாலு வார்த்தை கேட்கட்டும் என்று ஷாஜி திறந்துவிட்டார்.

உள்ளே உட்கார்ந்திருந்த சிவப்பிரகாஷிடம், "நீங்க ஊட்டுக்குப் போங்கண்ணா" என்றார் சாந்தம்மாள். அவர் வெளியே வந்ததும் உள்ளே போய், அவர் விட்ட இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"அதை மாத்தி எழுதுங்க சார். அவரு என்னைய அடிச்ச மாதிரி இல்லீங்க, நான் அடிச்சது ஒரே அடி. கால் பெருவெரலைக் கட்டுனது, உசுரு போனதுக்கப்பறம்."

ஷாஜி கதவைச் சாத்திப் பூட்டினார்.