குடைக்குள் இரண்டு ஆட்டுக்குட்டி

முதல் திருட்டு நடந்தபோது டிசைனர் சங்கத் தலைவருக்கு வயது பத்தொன்பது. அவர் வரைந்த காலண்டரில் அச்சக முதலாளி தன் பெயரைப் போட்டுக்கொண்டார். "மெஷின் என்னுது, கரண்ட் என்னுது, படம் மட்டும் உன்னுதா?" என்று கேட்டார்.

இரண்டாவது, மூன்று வருடம் கழித்து. பிஸ்கட் டப்பாவுக்கு அவர் போட்ட டிசைனுக்கு மேனேஜரின் மச்சான் மேடையேறிப் பரிசு வாங்கினான். கைதட்டிய கூட்டத்தில் தலைவரும் இருந்தார்.

மூன்றாவது, கம்ப்யூட்டர் வந்த பிறகு. அவர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், கூட வேலை பார்த்தவன் நாற்பது டிசைன்களைப் பென் டிரைவில் அள்ளிக்கொண்டு போய் எதிர்த்தெருவில் கடை போட்டான்.

நான்காவது இப்போது விசாரணைக்கு வந்திருந்தது.

கூட்டத்துக்குக் கூட்டம் அவர் சொல்லிச் சொல்லி, சங்கத்தில் முதல் மூன்றும் எல்லாருக்கும் மனப்பாடம். "மூணாவது முடிஞ்சா டீ வந்துடும்" என்று பின்வரிசையில் கிசுகிசுப்பார்கள். இன்று யாரும் கிசுகிசுக்கவில்லை. தலைவரின் மகள் இறந்த பிறகு கூடிய முதல் கூட்டம் இது. எல்லாரும் அவரிடம் தாழ்ந்த குரலில் பேசினார்கள். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. அவளும் அவருமாக நடத்திய கடையில் பக்கத்துக் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு, ஒரு சண்டை எவ்வளவோ தேவலை.

எதிரே ஸ்டிக்கர் கடைக்காரி. ஒரே ஒரு மெஷினை வைத்துக்கொண்டு பள்ளிக்கூட வேன்களுக்கு ஸ்டிக்கர் வெட்டி ஒட்டுகிறவள். குற்றம் உறுதியானால் சங்கத்திலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள். அப்புறம் எந்தக் கடையும் வேலை தராது. மெஷினை விற்க வேண்டியதுதான்.

"வேன்ல ஒட்டியிருக்கியே, குடைக்குள்ள ரெண்டு ஆட்டுக்குட்டி. அது யார் டிசைன்?"

"உங்க கடையோடதுதான் அண்ணே."

"என்கிட்ட கேட்டியா?"

"கேக்கல."

"எழுதிக்கோங்கய்யா! ஃபைல் எப்படி உன் கைக்கு வந்துச்சு?"

"கொடுத்தாங்க. வேன்ல ஒட்டுங்க, குழந்தைங்க பாத்துட்டே போகட்டும்னு சொல்லிக் கொடுத்தாங்க."

"அடுத்தவன் சொத்தைத் தானம் பண்ண அவன் யாரு? பேரைச் சொல்லு!"

"அதை மட்டும் கேக்காதீங்க அண்ணே."

அந்தப் படம் தன்னுடையது என்பதில் தலைவருக்குத் துளியும் சந்தேகமில்லை. கடை அவருடையது. கம்ப்யூட்டர் அவருடையது. நீலக் குடையைச் சிவப்பாக்கச் சொன்னது அவர். சின்னக் குட்டி நனைகிறது, இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளு என்று சொன்னதும் அவரே. நர்சரிப் பள்ளியில் அதைக் கொடுத்தபோது, "பிரமாதம் சார்" என்று அவருடைய கையைத்தான் குலுக்கினார்கள்.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. தலைவர் வருடக்கணக்கில் மன்றாடிக் கொண்டுவந்தது. படம் போடுகிறவர், ஃபைலின் அடியில், படத்தை அடுக்கடுக்காகக் கட்டும் லேயர்களில் அச்சில் வராத ஒன்றில், தன் பெயரையோ, வீட்டில் கூப்பிடுகிற பெயரையோ எழுதிவைக்க வேண்டும். தகராறு வந்தால் ஐந்து சாட்சிகள் முன்னால் அதைத் திறந்து சத்தமாக வாசிப்பார்கள். வாசித்த பெயருக்கே படம் சொந்தம். அப்பீல் கிடையாது.

தலைவர் தன் கடையிலிருந்து கொண்டுவந்த பென் டிரைவைச் செயலாளரிடம் நீட்டினார்.

ஸ்டிக்கர் கடைக்காரி எழுந்துவிட்டாள்.

"அண்ணே, திறக்க வேணாம். தப்பு என்னுதுதான். பேரை அடிச்சிடுங்க, கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடறேன்."

"பயமா?"

"ஆமாண்ணே, பயம்தான்." அவள் கண் கலங்கியது. "உங்களை நெனச்சுத்தான் பயம்."

"எனக்காக நீ ஒண்ணும் அழ வேணாம்!"

"அவங்கதான் ஒத்துக்கிட்டாங்களே தலைவரே, இதோட விட்டுடலாமே" என்றார் சாட்சிகளில் ஒருவரான பேனர் கடைக்காரர்.

"உன் பேனரை எவனாவது திருடினா, விட்டுடலாம்னு நான் சொல்லவாய்யா? நாப்பது வருஷமா விட்டு விட்டுத்தான் இந்த நிலைமை. என் பேரைத் தின்னு ஏப்பம் விட்டவங்க ஒருத்தராவது, ஒரு தடவையாவது, நாலு பேர் முன்னாடி அதைக் காதால கேட்டிருக்காங்களா? இன்னைக்குக் கேக்கட்டும். திறங்க!"

செயலாளர் பென் டிரைவைச் செருகினார். திரையில் சிவப்புக் குடை விரிந்தது. அவர் லேயர்களை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்தார். குடை போயிற்று. பெரிய குட்டி போயிற்று. சின்னக் குட்டியும் போயிற்று. வெள்ளைத் திரையின் மூலையில் எறும்பளவில் ஒரு வரி மிஞ்சியது.

தலைவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அந்த லேயரை அவர் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. சொந்தக் கடையில் எதற்குப் பார்க்க வேண்டும்?

செயலாளர் எழுத்தைப் பெரிதாக்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். தலைவர் பக்கம் மட்டும் அவர் பார்வை வரவில்லை.

"என்னய்யா, எழுதப் படிக்கத் தெரியாதா? வாசி."

செயலாளர் வாய்க்குள்ளேயே வாசித்துக்கொண்டார்.

"அஞ்சு பேர் காதுலயும் விழணும். சத்தமா!"

செயலாளர் எழுந்து நின்று, சாட்சிகளைப் பார்த்து வாசித்தார்.

"படம் போட்டவர்... அப்பாவோட வாலு."