மூன்று மொழியில் ஒரு கேள்வி

"கண்ணுதான் பளிச்சுனு தெரியுதே சிஸ்டர், அப்புறம் எதுக்குச் சோதனை?"

இஸ்திரிக்காரர் எழுந்து நின்று கேட்டதும் சலவைக்கூடமே சிரித்தது.

நர்ஸுக்குச் சுருக்கென்றது. இவ்வளவு நேரம் தொண்டைத்தண்ணீர் வற்ற அதைத்தானே சொன்னாள்!

கொதிகலனின் ஆவி கூரைக்குக் கீழே மேகம்போல மிதந்தது. கொடிகளில் வெள்ளைப் படுக்கை விரிப்புகள் மெல்ல அசைந்தன. அந்த வெண்மைக்குள் நின்று பேசும்போது, தன் குரலே எங்கோ தொலைவிலிருந்து வருவதுபோல் இருந்தது அவளுக்கு.

"அண்ணே, சர்க்கரை நோய் கண்ணுக்குள்ள சத்தமில்லாம வேலை பாக்கும். முதல்ல வலிக்காது, மங்கவும் மங்காது. மங்கட்டும்னு காத்திருந்தா, போன பார்வை பெரும்பாலும் திரும்பாது. அதனாலதான் நல்லாத் தெரியும்போதே வருஷா வருஷம் பாக்கணும்."

"ஓஹோ!" என்று உட்கார்ந்தார்.

தமிழில் முடிந்தது. அடுத்தது, துணி மடிக்கும் பெண்களின் மொழியில் அதே பேச்சு. போன தடவை அவள் இங்கே வந்தபோது, பேச்சு முடிந்ததுமே எல்லோரும் நழுவிவிட்டார்கள். சோதனைக்கு முன் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்துப் புட்டியின் மூடியைக்கூட அவள் திறக்கவில்லை. இந்தத் தடவை ஒருத்தியையாவது உட்காரவைத்துவிட வேண்டும். முக்கியமாக, அதோ அந்த ஓரத்து அக்காவை. பல வருடச் சர்க்கரை. கண்ணை ஒருநாளும் காட்டியதில்லை.

பேச்சு முடிந்தது. ஓரத்து அக்கா முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

அப்போதுதானா அந்த மனிதர் மறுபடியும் எழுந்திருக்க வேண்டும்? அதே கேள்வி. இப்போது அந்தப் பெண்களின் மொழியில்!

"அடேங்கப்பா, அண்ணனுக்கு எங்க பாஷையும் வருதே!" என்று பெண்கள் சிரித்தார்கள். ஓரத்து அக்கா சிரிக்கவில்லை. போகிறவள் நின்று, நர்ஸின் வாயையே பார்த்தாள்.

நர்ஸ் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் பதில் சொன்னாள்.

மூன்றாவதாக, மூட்டை சுமப்பவர்களின் மொழி. அதிலும் கடைசியில் அதே மனிதர், அதே கேள்வி.

நர்ஸின் பொறுமை போய்விட்டது. அதே மொழியில் பொரிந்து தள்ளினாள். "கலாட்டா பண்ணவே வந்தீங்களா? உங்க விளையாட்டால இங்க ஒருத்தர் கண்ணு போனா அந்தப் பாவம் யாருக்கு?"

இஸ்திரிக்காரர் நல்ல பாட்டைக் கேட்டதுபோல் புன்னகையோடு தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். எவ்வளவு தடித்த தோல்!

கோபத்தோடு கூட்டத்துக்கும் பதில் சொல்லிவிட்டுத் திரும்பியவள் திகைத்தாள்.

சோதனை நாற்காலியில் ஓரத்து அக்கா உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு வரிசை, விரிப்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போனது.

"எனக்கும் நல்லாத்தான் தெரியுது. ஆனாலும் பாத்துடுங்க" என்றாள் அக்கா.

கொஞ்ச நேரத்தில், சொட்டு மருந்து போட்டவர்கள் பெஞ்சில் வரிசையாக அமர்ந்து, மங்கலாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "விளக்கெல்லாம் பூ மாதிரி விரியுதுடி!" என்றாள் ஒருத்தி.

கடைசியாக இஸ்திரிக்காரர் வந்தார். நர்ஸ் அவர் முகத்தை நிமிர்த்தி, சொட்டு மருந்தை இடது கண்ணருகே கொண்டுபோனாள். இமை துடிக்கவில்லை. வலது கண்ணைப் பொத்திவிட்டுக் கை அசைத்துப் பார்த்தாள். அப்போதும் துடிக்கவில்லை.

"அது தூங்கிப்போன கண்ணு சிஸ்டர். வலதுக்கு லேசர் வெச்சுக் காப்பாத்திட்டாங்க. அதை மட்டும் பாருங்க."

அவள் கை அப்படியே நின்றது. "அப்புறம் ஏன்ணே அப்படிக் கேட்டீங்க?"

"கண்ணுதான் தெரியுதேன்னு நானும் மனசுக்குள்ளயே வெச்சிருந்தேன். யாரையும் கேக்கல. அதுக்குள்ள இது போயிடுச்சு. போன தடவை நீங்க பேசினப்போ இங்க யாரும் வாயே திறக்கலியே. எல்லார் மனசுலயும் அதேதான் ஓடியிருக்கும். வெக்கம். அதான், நானே கேட்டுடலாம்னு..."

நர்ஸின் கண்கள், சொட்டு மருந்து இல்லாமலே மங்கின.

"மன்னிச்சிடுங்கண்ணே. மூணாவது தடவை உங்களை ரொம்பக் கடுமையாத் திட்டிட்டேன்."

"அட, அது திட்டா?" என்று சிரித்தார் இஸ்திரிக்காரர். "ஆளுங்களைப் பிடிச்சு அந்த ஒரு கேள்வியைத்தான் மனப்பாடம் பண்ணிட்டு வந்தேன் சிஸ்டர். மத்தபடி அந்த ரெண்டு பாஷையிலயும் எனக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாதே!"