ஒரே ஒரு கணக்குப் பாடம்

“கணக்குன்னா அவ்வளவு பயமாம்மா உனக்கு?” என்று கேட்டாள் தேர்வுப் பிரிவு அதிகாரி.

எதிரே நின்றவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வாசலில் அரட்டையடித்துக் கொண்டிருந்த முதலாண்டுப் பெண்கள் அவளைக் கண்டதும் கப்சிப்பென்று ஆனதை அதிகாரியும் பார்த்திருந்தாள். அழுத முகத்தைப் பார்த்தால் யாருக்குத்தான் சிரிப்பு வரும், பாவம்.

“எல்லாப் பாடமும் பாஸ். முதல் வருஷத்து அடிப்படைக் கணிதம் மட்டும் காணோம். அது இல்லாம பட்டம் கிடையாதுன்னு தெரியாதா?”

“நான் வேற காலேஜ்ல இருந்து ரெண்டாவது வருஷத்துல வந்து சேர்ந்தேன் மேடம். அங்க எழுதின கணக்கு இங்க செல்லாதுன்னு, எல்லாப் பரீட்சையும் முடிஞ்சப்புறம்தான் சொன்னாங்க.”

சொன்னவர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விட்டார்கள். இவள்தான் அன்று முதல் ஜன்னல் ஜன்னலாக அலைகிறாள். ஒவ்வொரு ஜன்னலும் அடுத்த ஜன்னலைக் கை காட்டியது.

“இந்தப் பருவத்துல அந்த வகுப்பு நடக்குதே. போய் உக்காந்து படிக்க வேண்டியதுதானே? சின்னப் பொண்ணுங்களோட உக்கார வெக்கமா?”

“வெக்கம் இல்ல மேடம். இந்த வாரத்துக்குள்ள பட்டத்தைக் காட்டலைன்னா வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க. அப்பா படுத்த படுக்கையா இருக்காரு. வீட்டுல சம்பாதிக்கிறது நான் ஒருத்திதான்.”

அதிகாரி கல் நெஞ்சுக்காரி அல்ல. போனை எடுத்தாள். மேலிடத்தில் யாரிடமோ முதலில் கெஞ்சினாள், பிறகு சண்டையே போட்டாள். போனை வைத்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

“பொழச்சே போ! பட்டம் மட்டும் நின்னு போனவங்களுக்குத் தனித் தேர்வு வைக்கலாமாம். இப்ப அந்தப் பாடம் எடுக்கிறவங்களே கேள்வித்தாள் குடுத்து, அவங்களே திருத்திக் கையெழுத்துப் போட்டாப் போதும். சாயங்காலமே பட்டத்துக்கு எழுதிடறேன்.”

அவள் முகத்தில் வந்த வெளிச்சம் வந்த வேகத்திலேயே அணைந்தது.

“வேற யாராவது திருத்தக் கூடாதா மேடம்?”

“கூடவே கூடாது. பாடம் எடுக்கிறவங்கதான். அதுல கறாரா இருக்காங்க. இன்னொண்ணு, அவங்க உனக்குச் சொந்தக்காரங்களா இருக்கக் கூடாது. அப்புறம் என் தலைதான் உருளும்.”

“சொந்தம்னு...” என்று இழுத்தாள் அவள்.

“என்ன இழுக்கிற? ஆள் கிடைக்காம யாரையோ தற்காலிகமா போட்டிருக்காங்களாம். போய்க் கூட்டிட்டு வா, நானே பேசுறேன். உன் கதையக் கேட்டா அந்த டீச்சர் மனசு எறங்காமலா போகும்?”

அவள் நகரவில்லை. கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

“அந்த டீச்சரே நான்தான் மேடம்.”