தொண்ணூற்றிரண்டு வீதம் இயந்திரம்

“இது பிள்ளை எழுதினது இல்ல, சாரங்கன். மெஷின் எழுதினது. இந்தாங்க, இதுவே சொல்லுது.”

மெய்யம்மை டீச்சர் கைபேசியை நீட்டினார். புதிதாக இறக்கிய செயலி அது. கட்டுரையைப் படம் பிடித்துக் கொடுத்தால், எழுதியது மனிதரா ஏ.ஐ.யா என்று சொல்லிவிடுமாம். ‘92 வீதம் இயந்திரம்’ என்று சிவப்பு எழுத்தில் காட்டிக்கொண்டிருந்தது.

வெள்ளவத்தையிலுள்ள அந்தப் பெண்கள் பாடசாலையில் தமிழ் என்றால் மெய்யம்மை டீச்சர்தான். அவரிடம் படித்தால் ஓ.எல். பரீட்சையில் தமிழுக்கு ஏ நிச்சயம் என்று பெற்றோர் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார்கள். நேற்றுவரை ஏ.ஐ. என்ற பேச்சை எடுத்தாலே முகம் சுளித்தவர், அது ஒரு பிள்ளைக்கு எதிராகச் சாட்சி சொன்னதும் ஒரே நாளில் அதன் கட்சிக்குப் போய்விட்டார்.

அந்தப் பிள்ளை பத்தாம் வகுப்பு சஹ்லா. கல்வி வலயமட்டக் கட்டுரைப் போட்டிக்குப் பாடசாலையிலிருந்து ஒரு பெயர்தான் போகும். வீட்டில் எழுதி வந்த கட்டுரைகளில் அவளுடையதுதான் முதலாவது என்று மற்ற இரண்டு ஆசிரியைகளும் சொல்லியிருந்தார்கள். இன்று பின்னேரத்துக்குள் பெயரை அனுப்பியாக வேண்டும். மெய்யம்மை டீச்சர் அதை வெட்டப்போகிறார். பிறகு படித்து முடித்து வெளியே போகும்வரை, கள்ளக் கட்டுரை எழுதியவள் என்ற பெயர்தான் அவளுக்கு மிஞ்சும்.

கணினிப் பாடம் எடுக்கும் சாரங்கன், ஆசிரியர்களுக்கான ஏ.ஐ. பயிற்சிக்குப் போய்வந்தவர். பாடம் தயாரிக்க, பயிற்சிக் கேள்விகள் போட அதைத் தாராளமாகப் பாவிக்கலாம், ஆனால் அது தருவதை நாம் ஒருமுறை சரிபார்க்க வேண்டும், இப்படிக் கண்டுபிடித்துச் சொல்கிற செயலிகளோ அடிக்கடி பிழைவிடும் என்று பொறுமையாக விளக்கினார். டீச்சர் அசைவதாயில்லை.

“தீர்ப்பை மட்டும் அதுகிட்ட விடாதேங்கோ, டீச்சர். முதல்ல பிள்ளையோட கதைச்சுப் பாருங்கோ.”

அரை மனதோடு டீச்சர் சம்மதித்தார். சஹ்லாவையும் அவளுடைய உம்மாவையும் ஆசிரியர் அறைக்கு அழைத்தார்கள்.

உம்மா பஹ்மியா, சட்டத்தரணி. புதுக்கடை நீதிமன்றத்திலிருந்து கறுப்புக் கோட்டோடு நேரே வந்திருந்தார். வாதாடத்தான் போகிறார் என்று மெய்யம்மை டீச்சர் கதிரையை இழுத்துப்போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மெஷின் எழுதவில்லை என்று சஹ்லா அழாக்குறையாகச் சொன்னாள். அப்படியானால் யார் எழுதியது என்று கேட்டதும் உம்மாவைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். டீச்சருக்கு அதுவே போதுமாக இருந்தது. கட்டுரையை எடுத்து உரக்க வாசித்தார்.

“‘செங்கதிரோன் மேல்வானில் செந்தூரம் பூச, நீலக்கடல் தன் அலைக்கரங்களால் கரையன்னையைத் தழுவியது.’ பதினஞ்சு வயசுப் பிள்ளை கடலைப் பார்த்து இப்பிடியா நினைக்கும்? இதில உயிர் எண்டு ஒண்டு இருக்கா?”

பஹ்மியா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு டீச்சரின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றிக்கொண்டார்.

“உயிர் இல்லத்தான், டீச்சர். புள்ள இப்பவே உங்களுக்கு முன்னால வேற ஒண்டு எழுதட்டும். மத்தத நான் பிறகு சொல்றன்.”

சாரங்கன் தலைப்புக் கொடுத்தார். ‘எங்கள் வீட்டு யன்னல்.’ சஹ்லா மூலை மேசையில் உட்கார்ந்து, பேனையின் பின்பக்கத்தைக் கடித்துக் கடித்து எழுதினாள்.

எழுதிய தாளை மெய்யம்மை டீச்சர் சிவப்புப் பேனையோடு வாங்கினார். முதல் வரியிலேயே ஓர் எழுத்துப் பிழை. வட்டம் போட்டார். அதற்குப் பிறகு பேனை நகரவில்லை.

சஹ்லாவின் வீடு ரயில் பாதையோரத்தில் இருக்கிறது என்று கட்டுரை தொடங்கியது. ரயில் வந்தால் யன்னல் கண்ணாடி நடுங்கும், மேசையில் தேத்தண்ணி கோப்பை தானாக நகரும். தொலைபேசியில் யாருக்கோ சட்டம் சொல்லிக்கொண்டிருக்கும் உம்மா பாதிச் சொல்லில் நிற்பார். கடைசிப் பெட்டி போனதும் மீதிப் பாதியிலிருந்து தொடங்குவார். அந்த நேரத்துக்குள்தான் சஹ்லா தனக்கு வேண்டியதையெல்லாம் உம்மாவிடம் கேட்பாளாம். ரயில் சத்தத்தில் ஒன்றும் காதில் விழாத உம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டுவாராம்.

டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். இப்படியொரு பிள்ளையையா வெட்டப் பார்த்தோம் என்று மனது சுட்டது.

“மன்னிச்சுக்கோங்க, மகள். நான் முதலே உங்களோட கதைச்சிருக்க வேணும். இவ்வளவு நல்லா எழுதுற நீங்க, ஏன் அந்தக் கட்டுரையைக் கொண்டுவந்து தந்தீங்க?”

“கடற்கரைக்குப் போகக்குள்ள எல்லாம் உம்மா அதச் சொல்லுவாங்க டீச்சர். கேட்டுக் கேட்டு எனக்குப் பாடம். போட்டிக்கு அப்பிடித்தான் எழுதோணும் எண்டு நினைச்சன்.”

சஹ்லாவின் பெயரை டீச்சர் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார். அடுத்த பயிற்சிக்குத் தன் பெயரையும் சேர்க்கும்படி சாரங்கனிடம் சொன்னார். அந்தச் செயலியையும் அழித்துவிட்டார். ஆனாலும் ஒரு சந்தேகம் மட்டும் அவரை விடவில்லை. பஹ்மியாவின் பக்கம் திரும்பினார்.

“கோவிக்காதீங்க. அந்த உயிரில்லாத கட்டுரையை நீங்க எந்த மெஷின்ல எடுத்தீங்க?”

“மெஷின் இல்ல டீச்சர்,” என்று பஹ்மியா எழுந்து நின்று, பழைய மாணவியாகக் கைகளைக் கட்டிக்கொண்டார். “பாடமாக்கச் சொல்லி நீங்க எங்களுக்கு எழுதித் தந்தது. அந்த வருஷம் ஓ.எல்.லில எங்கட வகுப்பே அதைத்தான் எழுதினது.”